மூச்சைப் பிடித்துக்கொள்பவர்

நூற்று எழுபத்து மூன்று மணி நேரம்.

என் அப்பா அந்தக் கருவியின் காற்றைச் சுவாசித்தது அவ்வளவுதான். உத்தேசமாகச் சொல்லவில்லை. அதன் சிறிய திரையின் கீழ்மூலையில், அது மொத்தம் ஓடிய நேரம் தெரியும். கடையிலிருந்து எடுத்தபோது 4,316. ஒன்பதாம் நாள் விடிந்ததும் அப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதை அணைத்தேன். அப்போது 4,489.

அதன்பின் அதை யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் பார்த்தேன். 4,609.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அக்பர் அலி பாயின் கடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. வாசலில் சக்கர நாற்காலிகள் மடித்துச் சாத்தியிருந்தன. உள்ளே ரப்பர் வாசனை. அன்றுதான் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தியாகதுருகத்தில் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருடம் தவிட்டுத் தூசியில் நின்றவர். நுரையீரல் இறுகிவிட்டது, இனி பழையபடி ஆகாது, தினமும் பதினாறு மணி நேரமாவது ஆக்சிஜன் வேண்டும், ராத்திரி முழுக்கக் கண்டிப்பாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்தக் கருவி என்று சொல்லவில்லை.

"நீதான சயின்ஸ் படிச்ச. பாத்து எடு" என்றான் அண்ணன் அன்புச்செல்வன்.

நான் வேதியியல் பட்டதாரி. முந்தைய நாளே நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். எடை, மின்சாரம், ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். பாய் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

"இது பெருசு பாப்பா. அஞ்சு லிட்டர். கரண்டுல ஓடும். ஓயாம காத்து வந்துக்கினே இருக்கும். கூட ஒரு சிலிண்டர் வெச்சுக்கணும், கரண்டு போனா மாத்திக்க."

"போனாவா?" அண்ணன் சிரித்தான். "பாய், எங்க கரியாலூர்ல மழ தூறுனாலே கரண்டு போய்டும். சிலிண்டர் தீந்துச்சுன்னா மலைய எறங்கி உங்ககிட்டதான் வரணும். ரூம் எடுக்க வர்றவங்க சிலிண்டர பாத்தா ஓடிட மாட்டாங்க?"

கரியாலூரில் அண்ணன் நான்கு அறைகளைக் குத்தகைக்கு எடுத்து, அருவி பார்க்க வருகிறவர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தான். பின்பக்கம் இருந்த இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம்.

பாய் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். "அப்ப இது. தோள்ல மாட்டிக்கிறது. யாரோ ஓட்டுனதுதான், ஆனா நல்லாருக்கு. வேணாம்னா பாதி வெலைக்கு நானே திரும்ப எடுத்துக்கறேன். மூக்கால இழுத்தீங்கன்னா அந்த இழுப்பு தெரிஞ்சு ஒரு புஸ் வுடும். இழுக்கலன்னா வுடாது. அதான் பேட்டரி நாலு மணி நேரம் தாங்குது. கரண்டுலயும் மாட்டிக்கலாம்."

அப்பா அதைத் தோளில் மாட்டிக்கொண்டார். மூக்குக் குழாயைப் பாய் பொருத்திவிட்டார். ப்ஸ். பச்சை விளக்கு மினுக்கியது. ப்ஸ். கடைக்குள் நான்கு எட்டு நடந்தார். மூன்று மாதமாக அவர் அப்படி நடந்து நான் பார்க்கவில்லை.

"இன்னாடா, கண்டக்டர் மாதிரி இருக்கனா?" என்றார்.

அதோடு முடிவாகிவிட்டது.

அண்ணன் சார்ஜரைக் காரில் வைக்கப் போனான். அப்பா அவன் பின்னாலேயே நடந்தார். அப்போது பாய் என் பக்கம் குனிந்து ஒன்று சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

"புரிஞ்சுதா பாப்பா? வூட்ல எல்லாருக்கும் சொல்லிடு."

தலையாட்டினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறத் தொடங்கியதும் அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா உடனே தலையை என் பக்கம் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இதை விளக்க வேண்டும். ஆலையின் இரைச்சலில் அப்பாவுக்குக் காது மந்தம். எனக்குக் குரல் குறைவு. சின்ன வயதிலிருந்தே யாரைப் பார்த்தாலும் என் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும். சொந்தக்காரர்கள் எல்லோரும் "சத்தமா பேசு, சத்தமா பேசு" என்பார்கள். அப்பா மட்டும் சொன்னதில்லை. நான் வாயைத் திறந்தால், தன் மூச்சுச் சத்தம்கூடக் குறுக்கே வரக் கூடாது என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நான் முடிக்கும் வரை பிடித்துக்கொண்டே இருப்பார்.

அன்று அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மானியைப் பார்த்தேன். 92. 89. 86.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

அவர் மூச்சை விட்டார்.

முதல் இரவே கருவி பீப், பீப் என்று கத்தியது. அணைத்துப் போட்டால் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தும். காலையில் அண்ணன் வந்தான்.

"நாலாம் நம்பர் ரூம்ல கேக்குறாங்க சுபா, இன்னா சத்தம் அதுன்னு. நிறுத்த முடியாதா?"

கூடவே வந்த சிறுபுத்தகத்தைப் படித்தேன். ஒரு பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் சத்தம் வராது என்று போட்டிருந்தது. அதற்கு மேல் வரியில், அந்தச் சத்தம் எதற்காக என்றும் போட்டிருந்தது. அதைப் படிக்காமலே எனக்குத் தெரியும்.

பொத்தானை அழுத்தினேன்.

அப்புறம் தினமும் சொல்ல நினைத்தேன். அண்ணனிடம் சொன்னால் கடையிலேயே ஏன் சொல்லவில்லை என்பான். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். எட்டாம் நாள் ஒரு தாளில் எழுதினேன். அண்ணனின் சட்டைப் பையில் வைக்கலாம் என்று வாசலுக்குப் போனேன். நான்கு பேர் அறை கேட்டு நின்றிருந்தார்கள். தாளை மடித்து என் நோட்டுக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பா திறந்த வாயோடு படுத்திருந்தார். கருவி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு மினுக்கவில்லை.

"தூக்கத்துலயே போனாரு, நல்ல சாவு" என்றார்கள் வந்தவர்கள்.

தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் ஊரில் எரித்துவிட்டு, பால் தெளித்துவிட்டு, மலைக்குத் திரும்பினோம். உயிர் போன இடத்தில் பதினாறு நாள் விளக்கு அணையக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். நாங்கள் ஊரில் இருந்தபோது அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டது நிர்மலா அக்கா. எங்கள் அறைகளின் போர்வைகளைத் துவைத்துக் கொடுப்பவர், கீழ்த்தெரு.

"அறைக்குள்ள நெல்லு அவிச்ச வாசன அடிக்குது சுபா" என்றார் சாவியைக் கொடுக்கும்போது. "நீங்க ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

மலையில் நெல் அவிப்பவர்கள் இல்லை. அப்பா ஆலையிலிருந்து வந்தால்தான் அந்த வாசனை அடிக்கும்.

அப்பா இறந்த நான்காம் நாள் காலையில் அறையைக் கூட்டும்போது கருவியை எடுத்தேன். பையில் வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று. என்னமோ ஒரு நினைப்பில் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.

4,513.

எனக்கு நினைவு பிசகியிருக்கும் என்று நோட்டைப் பார்த்தேன். அன்று காலை 4,489 என்று நானே எழுதியிருந்தேன். இருபத்து நான்கு மணி நேரம் கூடியிருந்தது. மூன்று இரவுகள்.

"யாராச்சும் இத எட்த்தீங்களா?"

"இன்னா?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "சத்தமா சொல்லு."

"ஒண்ணுமில்ல."

பேட்டரியைக் கழற்றினேன். அடுப்படியில் கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் வைத்து மூடினேன். மின்கம்பியைச் சுருட்டி என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை பேட்டரியில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டுக் கருவியில் போட்டுப் பார்த்தேன்.

4,521.

எட்டு மணி நேரம்.

அப்பா இரவு பத்து மணிக்குப் படுப்பார். ஆறு மணிக்கு எழுவார்.

கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். காரியம் முடியட்டும் என்றான்.

ஏழாம் நாள். மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, எதிரிலிருந்த பலாமரம் தெரியவில்லை. அண்ணன் கீழே போயிருந்தான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எண்ணெய் ஊற்ற அப்பாவின் அறைக்குப் போனேன்.

நெல் அவித்த வாசனை. ஈரமாக, வெதுவெதுப்பாக.

விளக்கின் சுடர் நிமிர்ந்து நின்றது. பிறகு கட்டில் பக்கம் மெல்லச் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. கதவையும் சாத்தினேன். கதவின் கீழ் இடுக்கில் சாக்கைத் திணித்தேன். காற்றாக இருந்தால் நின்றுவிடும்.

நிற்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. ஆஸ்பத்திரி அட்டையில் அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதியிருந்த எண் அதுதான்.

ப்ஸ்.

ஆணியில் தொங்கிய மூக்குக் குழாயிலிருந்து வந்தது. முக்காலியில் இருந்த கருவியில் பேட்டரி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய இடம் ஒரு சதுரப் பொந்தாகத் தெரிந்தது. அதற்கு மேலே பச்சை விளக்கு மினுக்கியது.

ப்ஸ்.

சுடர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளுத்து எரிந்தது. ஆக்சிஜன் பட்டால் சுடர் அப்படித்தான் எரியும். முதலாண்டுப் பாடம்.

குழாயை ஆணியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, அதன் முனைமேல் ஒரு செம்பைக் கவிழ்த்து மூடினேன். செம்புக்குள்ளிருந்து வந்தது.

ப்ஸ்.

இழுப்பு மட்டும்தான் கேட்டது. விடும் மூச்சு கேட்கவே இல்லை.

"அப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. உதடு மட்டும் பிரிந்தது.

எல்லாம் நின்றது.

சுடர் அசையவில்லை. விளக்கு மினுக்கவில்லை. கட்டிலில் விரித்திருந்த போர்வை, தலைமாட்டில், என் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது.

யாரோ தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்கள்.

எண்ணினேன். பத்து. இருபது. நாற்பது. அறுபது விநாடி. எனக்கே மார்பு வலித்தது. இவ்வளவு நேரம் பிடிக்கக் கூடாது அப்பா, விட்டுவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். வாயை மூடிக்கொண்டேன்.

ப்ஸ். ப்ஸ். ப்ஸ். ப்ஸ்.

முங்கி எழுந்தவர் இழுப்பதுபோல் இழுத்தது.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நான் எண்ணெய் ஊற்ற மட்டும் போனேன். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு போனேன். மற்ற நேரங்களில் வெளியிலிருந்து பூட்டி வைத்தேன். தினமும் காலையில் எண்ணைக் குறித்தேன். தினமும் எட்டு கூடியது.

பதினாறாம் நாள். காலையில் கோமுகி ஆற்றங்கரையில் காரியம் முடிந்தது. மொட்டைத் தலையோடு அண்ணன் மேலே வந்தான். சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தானம். செத்தவரின் பெயரில் குடை, செருப்பு, கோரைப்பாய், செம்பு கொடுப்பது எங்கள் வழக்கம். எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாக வைத்தார்கள்.

வரிசையின் கடைசியில் அண்ணன் கருவியை வைத்தான்.

"பாய்கிட்ட திருப்பிக் குடுக்க வேணாம். பகலவனுக்குக் குடுத்துடலாம். அப்பா பேரச் சொல்லும்" என்றான்.

பகலவன் நிர்மலா அக்காவின் கணவர். போர்வெல் லாரியில் வட நாடெல்லாம் சுற்றிப் பாறைத் தூள் குடித்தவர். நாற்பது வயதுதான். கீழ்த்தெருவிலிருந்து எங்கள் வாசல் ஏற அவருக்கு அரை மணி நேரம் ஆனது. ஸ்வெட்டருக்குள் மார்பு வேகவேகமாக ஏறி இறங்கியது.

"அண்ணே, உங்கப்பா சொத்துல எனக்கும் பங்கு குடுத்துட்டீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் பையை அவர் தோளில் மாட்டினான். நான் துவைத்துக் காயவைத்திருந்த குழாயை அம்மாவே அவர் மூக்கில் பொருத்தினாள். பேட்டரி உள்ளே இருந்தது. பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது.

பகலவன் எழுந்து நான்கு எட்டு நடந்தார். திரும்பினார்.

"இன்னாடா, கண்டக்டர் மாதிரி இருக்கனா?"

அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. பகலவன் அண்ணனை ஒருநாளும் 'டா' போட்டுப் பேசியவர் இல்லை. அவரே திகைத்தவர்போல் உட்கார்ந்தார்.

"வாய்ல வந்துடுச்சு. மன்னிச்சுக்கங்க அண்ணே."

நெல் அவித்த வாசனை கூடத்தில் பரவியது.

நான் அவர் மார்பைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மூச்சு நிமிடத்துக்கு முப்பத்து நான்கு. விளக்கைப் பார்த்தேன்.

இருபத்திரண்டு.

அவர் இழுக்கும்போது அது மினுக்கவில்லை. வேறு ஒருவர் இழுக்கும்போது மினுக்கியது.

நிர்மலா அக்கா கணவரின் காலடியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் புதிதாக வாங்கிய தலையணை உறை இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துத்தான் கேட்டார்.

"ராத்திரிதான் இவுருக்கு ரொம்ப முடியல. படுக்கும்போதும் இதையே மாட்டி வுட்டுடலாமா சுபா? நீதான படிச்ச பொண்ணு."

"மாட்டலாம், மாட்டலாம்" என்றான் அண்ணன். "அப்பா அப்பிடித்தான தூங்குனாரு. ஒரு தொந்தரவும் இல்ல. சத்தம்கூட வராது, சுபா நிறுத்தி வெச்சிருக்கா."

"அப்பாடா" என்றார் நிர்மலா அக்கா. "இன்னிக்கு ராத்திரி நானும் கொஞ்சம் கண்ண மூடுவேன்."

கூடத்தில் முப்பது பேர். எல்லோரும் பாக்கு மென்றுகொண்டு, பேசிக்கொண்டு, பகலவனின் தோள்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நாளைக் காலை கீழ்த்தெருவுக்குப் போய் நிர்மலா அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாளைக் காலை.

வாயைத் திறந்தேன்.

பச்சை விளக்கு நின்றது.

பகலவனின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு மினுக்கவில்லை. பின்பக்கம், நான் பூட்டி வைத்திருந்த அறையின் கதவு தானாகத் திறந்து நின்றது. உள்ளே விளக்கின் சுடர் கூடத்தின் பக்கம், என் பக்கம், சாய்ந்து அப்படியே நிலைத்திருந்தது.

"அக்கா, வேணாம்" என்றேன்.

"இன்னா சொல்ற? ஒண்ணும் கேக்கல" என்றாள் அம்மா.

"சத்தமா பேசேன் பொண்ணே" என்றார் யாரோ.

பத்து விநாடி. இருபது. நாற்பது. அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் முடிக்கும் வரை பிடித்துக்கொண்டே இருப்பார்.

எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே தெரியாத குரலாக, வாசல் வரைக்கும் கேட்டது.

"தூங்கும்போது இத மாட்டவே கூடாது. தூக்கத்துல வாய் வழியா மூச்சு இழுத்தா இதுக்குத் தெரியாது, காத்தே வராது, அதச் சொல்லத்தான் அது கத்துச்சு. கடையில வாங்குன அன்னிக்கே பாய் எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னாரு. எனக்குத் தெரியும். ஒம்போது நாளும் தெரியும். நான்தான் அப்பாகிட்டயும் சொல்லல, உங்க யாருகிட்டயும் சொல்லல."